காகிதம் மாற்றிய கை

இன்றும் காகிதம் மாற்றப்பட்டிருந்தது.

லூர்துராஜ், காய்ந்த செடிகளை வைக்கும் கல்லூரி அறையின் வாசலிலேயே நின்றுவிட்டான். பூட்டைத் திறந்தவன் அவன்தான். இருக்கிற ஒரே சாவி அவன் சட்டைப்பையில். ஜன்னல்களில் கம்பி. ஆனாலும் ஈரத்தாள்கள் உருவப்பட்டுத் தரையில் அடுக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றும் ஒரு மூலை மடித்து. அந்த மடிப்பு ஞானத்தின் பழக்கம்.

ஞானம் செத்து மூன்று வாரம் ஆகிறது.

கல்லூரியில் பாட்டனி பேராசிரியர் அவர். லூர்துராஜின் அக்காள் பிலோமினாளின் கணவர். பறித்த செடியைத் தாள்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பலகைகளால் அழுத்தி வாரால் கட்டுவார்கள். ஈரம் ஊறிய தாளைத் தினமும் மாற்றவேண்டும். தவறினால் இலை கறுத்துவிடும். அதுவும் இந்த ஐப்பசி அடைமழையில் மதுரையில் எதுதான் காய்கிறது? ஞானம் கடைசியாகக் கட்டிய பலகையைத் தொட லூர்துராஜுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் தொடாமலே காரியம் நடந்துகொண்டிருந்தது.

கடைசிச் செடி, திருவாதவூர்க் கண்மாய்க்கரையில் கிழங்கோடு பிடுங்கிய ஒரு கொடி. அதைக் கட்டிவைத்த அன்று சாயங்காலமே ஞானத்துக்கு வாயெரிச்சல், வாந்தி. அந்த வாரம் முடிவதற்குள் ஆள் போய்விட்டார். நேற்று மெட்ராஸிலிருந்து பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வயிற்றில் வீரம். பாதரசத்தில் செய்கிற கொடிய விஷம். காய்ந்த செடிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அதில்தான் தோய்த்தெடுப்பார்கள். அந்தச் சீசா, அதே துறையில் வாத்தியாராக இருந்த லூர்துராஜின் பொறுப்பு.

போதாததற்கு பிலோமினாள் இன்ஸ்பெக்டரிடம், "எங்கையாலதான் போனாரு" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். இன்று அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

லூர்துராஜ் வாரை அவிழ்த்தான். மேல்தாளுக்கு அடியில் கிழங்குத் துண்டு. ஞானம் கட்டியபோது அது எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது! இன்று மேலே, கண்ணில் படும்படி, திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பல் பதிந்த தடம்.

"நாக்குல வச்சுப் பாரு மாப்ள" என்பார் ஞானம். ஒரே மாதிரி இலை விடுகிற இரண்டு கொடிகளை அவர் ருசி பார்த்துத்தான் பிரிப்பார். புதுக்கிழங்கை மென்றிருக்கிறார். சரி. எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்?

பீரோவைத் திறந்து பழைய தாள்களைத் தள்ளினான். அதே இனம் என்று வைத்திருந்த தாள்கட்டுக்குள், ஒரு தாளில் தைத்திருந்த காய்ந்த கிழங்குச் சீவலில் பாதியைக் காணோம். அதே பல் தடம்.

"என்ன வாத்தியாரே, சீசாவ எங்க ஒளிக்கலாம்னு பாக்குறீகளா?"

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை உள்ளே வந்தார். அவர் பின்னால், கோர்ட்டுக்குப் புறப்பட்ட கோலத்தில், பிலோமினாள்.

"அக்கா, இவர்கிட்ட என்ன சொல்லி வச்ச?"

"உள்ளதத்தான்டா தம்பி. ஈயம் போன பித்தளைச் சட்டியில காப்பி வச்சேன். குடிச்சிட்டுத்தான் வாய் எரியுதுன்னாரு. பூச்சு போடு, பூச்சு போடுன்னு எம்புட்டு நாளாச் சொன்னாரு! நான்தான் கேக்கல."

"பித்தளையில எங்கம்மா வீரம் வரும்? தம்பி குடுத்தான், நீ கலந்த. அம்புட்டுதான் கேசு."

"சார், இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்க."

"காஞ்ச சருகக் காட்டி ஏமாத்தப் பாக்குறியா?" வெள்ளைத்துரை தாள்கட்டை வாங்கினார். நாக்கில் விரலைத் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார். சீவலைக் கட்டைவிரலால் நிமிண்டினார். மறுபடி விரல் வாய்க்குப் போயிற்று.

லூர்துராஜ் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுய்யா கைய! போலீஸ்காரன் மேலயே கைவைக்கிற?"

"நாக்குல படக்கூடாது சார். அது வீரத்துல தோச்சது."

"எங்க போட்டிருக்கு?"

லூர்துராஜ் தாளின் மூலையைப் பார்த்தான். தோய்த்த தாள் ஒவ்வொன்றிலும் வலது கீழ்மூலையில் சிவப்பு முத்திரை இருக்கவேண்டும். இதில் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைச் சீட்டு ஒன்று, ஞானத்தின் முத்துமுத்தான எழுத்தில். பழைய பெயர் தப்பு என்று பட்டால் பாட்டனிக்காரர்கள் அதை அடிக்கமாட்டார்கள்; சரியான பெயரை எழுதித் தனிச்சீட்டாக அதே தாளில் ஒட்டுவார்கள்.

ஜாடியிலிருந்து தண்ணீரைத் தொட்டுச் சீட்டின் ஓரத்தை நனைத்தான். சீட்டு உரிந்தது. அடியில் ரத்தச் சிவப்பில் 'விஷம்'.

வெள்ளைத்துரை தன் விரலை விலக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இப்பக் கைய விட்டிருந்தா, உங்களக் கொன்னது யாருன்னு கேஸ் எழுதுவாங்க சார்?"

அவர் வெளியே ஓடினார். வராந்தாக் குழாயில் கையைத் தேய்தேய் என்று தேய்த்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அதற்குள் அதிகாரம் பாதி இறங்கியிருந்தது.

"விஷமுன்னு போட்ட முத்திரைய தானே சீட்டு ஒட்டி மறச்சிட்டு, பாக்கு மாதிரி மென்னு முழுங்கியிருக்காரே மனுசன்! இந்தத் தாளக் கட்டிக் குடு. மேல நான் பேசிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

"அப்ப எங்காப்பி இல்லையாடா?"

"இல்லக்கா."

பிலோமினாள் அழவில்லை. பீரோவைப் பார்த்தபடி நின்றாள். மேலிருந்து கீழ்வரை தாள் கட்டுகள்.

"இது ஒண்ணுலதான் ஒட்டினாராடா?"

லூர்துராஜ் அடுத்த தாளை உருவினான். வலது கீழ்மூலையில் வெள்ளைச் சீட்டு. அதற்கடுத்ததிலும். ஓரம் பிசகாமல், அழகு பார்த்து, அதே மூலையில். திங்கட்கிழமை வகுப்பு திறந்தால் பையன்கள் விரலை நக்கி நக்கிப் புரட்டப்போகும் தாள்கள்.

பிலோமினாள் முந்தானை நுனியைத் தண்ணீரில் முக்கினாள்.

"குடு இங்க. எனக்கு நகம் இருக்கு. கைய வாய்ப்பக்கம் கொண்டுபோகாத."

அவள் முதல் சீட்டை உரித்தாள். சிவப்பு. இரண்டாவதை உரித்தாள். சிவப்பு.

அவர்களுக்குப் பின்னால், கதவோரம், யாரோ வந்து நின்றதுபோல் வெளிச்சம் மங்கியது. இருவருமே திரும்பவில்லை. லூர்துராஜ் அடுத்த தாளை அவளிடம் நீட்டினான்.