சொத்தைத் துடிப்பு

அந்த வருஷம் இதயத்தைப் பல் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். பல்லைத் தபால் நிலையத்தில் பார்த்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

ஞானசுந்தரிக்குப் பதினோரு வருஷமாக நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நடுவில் ஓர் அடி விட்டுப்போகும். அவள் கணவர் ராஜமாணிக்கம் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். அவர் வைத்த பெயர் அந்த வீட்டில் மாறியதே இல்லை.

நாற்காலி சாய்ந்தது. டாக்டர் விளக்கை அவள் வாய்க்குள் திருப்பினார்.

"துடிப்பு எடுக்கணும்மா. எடுத்துடலாமா?"

அவளுக்குப் பகீரென்றது. பல் ஆஸ்பத்திரியில் எடுப்பது என்றால் பிடுங்குவது. "எப்படி எடுப்பீங்க?" என்று கேட்கப் போனாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் எதைக் கேட்டாலும் 'ஆ' என்றுதான் வரும். நர்ஸ் படிவத்தில் 'ஆமாம்' என்று எழுதிக்கொண்டாள்.

ஊசி போட்டார்கள். குறடு இரண்டு ஆட்டு ஆட்டியது. துடிப்பு தட்டில் விழுந்தது. தக், தக், தக் என்றது. நாலாவதுக்குச் சும்மா கிடந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"நாலாவது சொத்தை. இது வாய்வு இல்லம்மா. இதயம்தான்."

பதினோரு வருஷம் கழித்து ஒரு மனுஷர் சொல்லிவிட்டார். ஞானசுந்தரிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது.

"அடைச்சுத் திரும்ப வச்சுடலாம். 'இதயம்'னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. முத்திரை குத்திடறேன்."

அதற்குள் நர்ஸ் அவள் வாயில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டிருந்தாள்.

"அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது."

"அப்ப வீட்டுக்காரர் சொல்லட்டும்," என்றார் டாக்டர்.

ஞானசுந்தரி வந்தபோது வராந்தா இருநூறு அடி நீளம் இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கத்துக்கு அது மூன்றடியாகச் சுருங்கிக் கொடுத்தது. வந்தார். தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வாய்வுதான் டாக்டர். நேத்து உருளைக்கிழங்கு தின்னா."

அவள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"தலையாட்டுனா செல்லாதும்மா," என்றாள் நர்ஸ்.

டாக்டர் பெருமூச்சு விட்டு இன்னொரு முத்திரையை எடுத்தார். வாய்வு அவர் பிரிவில் வராது. துடிப்பைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் ராஜமாணிக்கம் பொட்டலத்தைப் பிரித்து, துடிப்பை ஓட்டின்மேல் வீசினார். குழந்தைகளின் பால்பல்லையும் அவர் அப்படித்தான் வீசினார்.

"கூரையில போட்டா நல்லதா முளைக்கும். நீ போய் ரசம் வை. பெருங்காயம் தூக்கலாப் போடு. உனக்குத்தான்."

அவள் ரசம் வைத்தாள். முதலில் அவர் சாப்பிட உட்கார்ந்தார். மேலே தக், தக், தக் என்று கேட்டது.

"பூனை," என்றார்.

அரை மணி முடிந்திருந்தது. அவள் பஞ்சை எடுத்து எறிந்தாள். பூனையில்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மேலே சத்தம் நின்றது. நாலாவதுக்குக் காத்திருந்தாள். ஐந்தாவதும் வரவில்லை.

"பாத்தியா, தானா அடங்கிடுச்சு. வாய்வுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஆ," என்றாள் ஞானசுந்தரி.

அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.