ரூஜ் சரிவில் ஒரு சோதனை ஓட்டம்

ஜதுர்சன் ரூஜ் சரிவின் மேலே நிறுத்தியிருந்த வானின் பின்கதவைத் திறந்து, சறுக்கி ஓடும் இரண்டு ஸ்கீப் பலகைகளையும் பனியில் குத்தி நிறுத்தினான்.

"நல்லாப் பாரும் தங்கச்சி. ஒரு கீறல் இல்லை."

துர்க்கா கையுறையைக் கழற்றிவிட்டு அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். விற்பனைக்கென்று அவன் இணையத்தில் போட்டிருந்த படத்தில் இந்த ஆரஞ்சு நிறத்தைக் கண்ட நாளிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. இதே நிறத்தில், இதே அகலத்தில் அவளுடைய அண்ணன் ஜெனோசனிடம் ஒரு சோடி இருந்தது. போன மார்கழியில், சென் ஜேம்ஸ் ரவுணில் அவன் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், முகத்தை மூடிய ஒருவன் அதைப் பறித்தான். ஜெனோசன் எதிர்க்கவில்லை. கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகும் அந்த ஆள் அதே ஸ்கீயை ஓங்கி ஜெனோசனின் முகத்தில் அடித்தான். வலது கண் போய்விட்டது.

நிறம் ஒரு சாட்சியல்ல, எல்லாக் கடையிலும் இது இருக்கிறது என்று பொலிஸ் சொல்லிவிட்டது.

சாட்சி அவளுடைய முதுகுப்பையில் இருந்தது: ஜெனோசனின் ஸ்கீச் சப்பாத்து.

"ஏன் இவ்வளவு அகலம் எண்டு கேக்கேல்லையே?" ஜதுர்சன் சிரித்தான். "உதிலை வைச்சு ரொட்டி தட்டலாம்."

"ஆழமான பனிக்கு, அண்ணை. தாழாது."

"உமக்கு எல்லாம் தெரியுது."

"போட்டுப் பாக்கலாமே?"

"எல்லாற்றை சப்பாத்தும் உதுக்கை போகாது. கடையிலை குடுத்துத் திருத்தோணுமாம்."

"போகுதோ எண்டு பாப்பம்."

"அப்ப போனை இஞ்சை தாரும். ஓடிப்போட்டீர் எண்டா?"

போனைக் கொடுத்தாள். ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஒட்டும் மயிர்ப்பட்டைகளை அடியில் ஒட்டினாள். இரண்டு சோடிக் காலுறை போட்டிருந்ததால் அண்ணனின் சப்பாத்து அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. அஜக்ஸில் அவளுடைய வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, இந்தச் சப்பாத்தின் நீளத்துக்கு ஏற்றபடி ஸ்கீயின் குதிப்பிடியை ஜெனோசன் முடுக்கிய அன்று, அவள்தான் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு நீளம் என்றால் பூட்டாது.

சப்பாத்தின் நுனியை முன்பிடியில் வைத்து அழுத்தினாள். டக். இரண்டு ஊசிகளும் கவ்வின. குதியை அழுத்தினாள்.

டக்.

ஒரு ஆணியையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"எங்கை வாங்கினீங்கள் அண்ணை?"

"கசின் ஒருத்தன்ரை. ஏன்?"

"இது என்ரை அண்ணான்ரை சப்பாத்து."

அவன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"ஓ. உவன்ரை தங்கச்சியோ? மற்றக் கண்ணாவது தெரியுதோ உவனுக்கு?"

கண்ணைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அவளுடைய ஸ்கீ ஊன்றுகோல்களில் ஒன்றைப் பறித்து அவன் அவளுடைய முகத்துக்குக் குறுக்காக வீசினான். கன்னம் வெடித்தது. வாயில் ஒரு பல் தனியாக அசைந்தது. அவள் குனிந்து நடக்க வசதியாகக் குதிகளை விடுவித்து, முன்பிடிகள் கழலாதபடி அவற்றின் நெம்புகோல்களை மேலே இழுத்துப் பூட்டிவிட்டு, பள்ளத்தாக்குப் பக்கமாக ஸ்கீகளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எடியே! நில்லடி!"

புயல் கொட்டிய பனியைக் காற்று அங்கே குவித்து வைத்திருந்தது. ஸ்கீ அதன் மேலே மிதந்தது. ஜதுர்சன் முதல் அடியில் முழங்கால்வரை, அடுத்த அடியில் தொடைவரை புதைந்தான். என்றாலும் பாய்ந்து ஒரு ஸ்கீயின் வாலைப் பிடித்துவிட்டான். அவள் முகங்குப்புற விழுந்தாள். அவன் ஸ்கீயைக் கழற்ற இழுத்தான். கழலவில்லை. கோலால் அவளுடைய இடுப்பில் அடித்தான், மீண்டும் அடித்தான். அவளுக்கு மூச்சு அடைத்தது. உடம்பை முறுக்கி மற்றக் காலைத் தூக்கி, ஸ்கீயின் இரும்பு விளிம்பை அவனுடைய வலது கை விரல்களில் இறக்கினாள். எலும்பு நொறுங்கியது கேட்டது. அவன் பிடியை விட்ட பிறகும் ஒருமுறை இறக்கினாள்.

எழுந்து, பனி மூடியிருந்த ஓடையைக் கடந்தாள். பனி அவளைத் தாங்கியது. அவன் கெட்ட வார்த்தைகளால் கத்திக்கொண்டு அவளுடைய தடத்திலேயே வந்தான். நடு ஓடையில் ஐஸ் உடைந்தது. அவன் இடுப்புவரை உள்ளே போனான். கீழே, கல்லிடுக்கில் கால் முறிந்த சத்தத்தைவிட அவனுடைய அலறல் தாமதமாக வந்தது.

"தங்கச்சி, கால்! கை தா!"

"போனை எறி."

இடது கையால் எறிந்தான். அவள் முதலில் அண்ணனுக்குத்தான் அழைப்பெடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேலங்கிப் பையில் செருகினாள்.

"சப்பாத்து உள்ளுக்கை போச்சுதோ?" என்றான் ஜெனோசன்.

"ஓம். ஆள் இவன்தான் அண்ணா. உன்ரை கண்ணைப் பற்றி அவனாத்தான் கேட்டவன்."

"எங்கை நிக்கிறான்?"

"ஐஸ் உடைஞ்சு ஓடைக்கை. கால் முறிஞ்சுபோச்சு. அசையேலாது."

துர்க்கா உடைந்த ஐஸின் விளிம்புவரை திரும்பி வந்தாள். ஜதுர்சனின் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. இரத்தத்தைத் துப்பிவிட்டு, மிஞ்சிய கோலால் வலது ஸ்கீயின் நெம்புகோலை அழுத்தினாள்.

டக்.

"துர்க்கா," என்றான் ஜெனோசன். "ஏன் கழட்டுறாய்?"

அவள் கழன்ற ஸ்கீயை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏன் எண்டு எனக்கு விளங்குது. நானும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கொண்டு படுக்கிறன். ஆனா கால் பனியிலை பட்டா நீயும் இடுப்பு மட்டும் போயிடுவாய். அவன்ரை கைக்குப் பக்கத்திலை. திருப்பிப் போடு."

"அவர் சொல்லுறதைக் கேளும் தங்கச்சி," ஜதுர்சன் அழுதான். "கேளும்!"

அவள் ஒற்றைக் காலில் நின்றாள். சப்பாத்து பனியைத் தொடாமல் ஆடியது. கீழே ஓடை ஓடுவது கேட்டது.

"போடு, துர்க்கா. நான் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

ஸ்கீயைக் கீழே வைத்து நுனியை அழுத்தினாள்.

டக்.

"இப்ப 911க்கு அடி," என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

அடித்தாள். அவசர சேவையில் இடம் கேட்டார்கள், சொன்னாள். உடைந்த ஐஸின் விளிம்பைப் பற்றியிருந்த ஜதுர்சனின் நொறுங்கிய கை அந்த அகலமான ஸ்கீயின் அடியில் இருந்தது. பேசி முடியும்வரை அவள் காலை எடுக்கவில்லை.