பூட்டுச் சோதனையில் ஒரு ரெக்யூஸ்

பூட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் நிலையத்துக்குப் புது விதிப்புத்தகம் வந்தது. ஏழாவது விதியில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல் யாருக்கும் பிடிபடவில்லை. உறவினர் செய்த பொருள் சோதனைக்கு வந்தால், சோதகர் 'ரெக்யூஸ்' செய்துகொள்ள வேண்டுமாம்.

இளைய சோதகர் அகராதியைப் புரட்டினார். எதையும் கழற்றிப் போட்டு உள்ளே பார்ப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம், சொல்லும் விலக்கில்லை.

"இது ராஜினாமா இல்ல சார், லீவும் இல்ல," என்று தலைமைச் சோதகரிடம் விளக்கினார். "தம்பியோட கேஸ் வந்தா ஒரு நீதிபதி, 'இத நான் விசாரிக்க மாட்டேன்'னு எழுந்துடுவார் பாருங்க, அதுதான். மத்த கேஸெல்லாம் வழக்கம்போல பாப்பார்."

"அப்ப நீ பேசாம ஓரமா உக்காந்துக்க."

"என் மூஞ்சியப் பாத்தே நீங்க மார்க் போட்டுடுவீங்க சார். வெளியவே போயிடணும். கையும் வைக்கக் கூடாது, வாயும் வைக்கக் கூடாது."

அன்று வந்திருந்தது இளையவருடைய மனைவியின் தம்பி செய்த பூட்டு. பார்த்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த முதல் பூட்டு. இன்று தேறினால் ஒரு புதுக் கட்டடத்தின் நூற்றிருபது கதவுகளுக்கும் அதுதான். தேறாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

எந்திரம் பத்தாயிரம் முறை திருப்பிப் பார்த்தாலும், கடைசிச் சோதனை சோதனை அறையின் கதவிலேயே நடக்கும். பூட்டைக் கதவில் பொருத்தி, சோதகர்கள் உள்ளே நின்று நூறு முறை பூட்டித் திறக்க வேண்டும். தான் மாட்டிக்கொள்வோம் என்றால்தான் சோதகருக்குக் கவனம் வரும் என்பது நிலையத்தின் நம்பிக்கை.

தலைமைச் சோதகரும் எண்ணிக்கை சொல்லும் பொறியாளரம்மாவும் உள்ளே போனார்கள். இளையவர் நடைவழியில் நின்றார்.

"அறுபத்தொண்ணு" வரை கேட்டது. அறுபத்திரண்டு வரவில்லை.

பிறகு கதவு தட்டப்பட்டது. "யோவ், திறக்க மாட்டேங்குது!"

சத்தத்தை வைத்தே இளையவருக்குக் கோளாறு புரிந்துவிட்டது. பூட்டின் உள்ளே சுருள்வில் ஒரு மயிரிழை நீளம் அதிகம். மாற்றுச் சாவி பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அதைப் பூட்டில் நுழைத்துச் சற்றே தூக்கித் திருப்பினால் கதவு திறந்துவிடும்.

"நீயே திறந்து விட்டுடு," என்றார் தலைமைச் சோதகர், குரலைத் தாழ்த்தி. "நான்தான் சாவிய சரியா திருப்பலன்னு வச்சுக்குவோம். அறுபத்தொண்ணுலேருந்து தொடரலாம்."

இளையவர் ஆணியைப் பார்த்தார். நூற்றிருபது கதவுகளையும் நினைத்துப் பார்த்தார்.

"சார், நான் விலகிட்டேன்."

"கதவத் தொறக்கறதுக்குமா?"

"அந்தப் பூட்டைத் தொடறதுக்கு, சார்."

"வீட்டுக்குப் போக வேண்டாமா நாங்க?" என்றார் பொறியாளரம்மா.

கீழே காத்திருந்த மைத்துனனை இளையவர் போனில் கூப்பிட்டார். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான்.

"பாஸா மாமா?"

"அதப் பத்தி நான் பேசக் கூடாது மச்சான். உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களக் கேளு."

உள்ளே இருந்தவர்கள் விவரமாகவே சொன்னார்கள். மைத்துனன் பூட்டைக் கழற்ற இருபது நிமிடம் ஆனது. சுருள்வில்லை விரலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். "என் தப்புதான் சார். ஃபெயில்னே போடுங்க," என்றான். அப்படியே போட்டார்கள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "சாவி அங்கயே தொங்குச்சாமே?"

"தொங்குச்சு. ஆனா ரெக்யூஸ்னா என்னன்னா..." என்று தொடங்கி நீதிபதி, தம்பி, அறை எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாப் புரிஞ்சுது," என்றாள். "இப்ப என் அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் வராங்க. உங்களப் பத்தித்தான் பேசப் போறோம்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார். உள்பக்கம் தாழ் விழும் சத்தம் கேட்டது. தாழ் நன்றாக வேலை செய்தது.