பதினைந்தாவது காயம்

என் தம்பி ராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தவன். லாரி கண்ணிவெடியில் சிக்கிய அன்று, அடிபட்ட பதினான்கு பேருக்கும் கட்டுப்போட்டது அவன்தான். யாருக்கு எங்கே காயம் என்று பதிவேட்டில் வரி வரியாக எழுதியதும் அவன்தான். அதே வெடியில் அவனுக்கு இடது காது போனது, முதுகெலும்பிலும் அடி. தன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

பணி முடிந்து வந்தபின் ஊன ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டான். காது, முதுகு, அதோடு மனநிலை. யாராவது கதவை அறைந்து சாத்தினாலே கட்டிலுக்கடியில் போய் ஒடுங்குகிற ஆள் வேறு எதைச் சொல்லிக் கேட்பான்? பதில் வந்தது: சம்பவ நாளின் பதிவேட்டில் மனுதாரர் பெயர் இல்லை, நிராகரிக்கப்படுகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவனோ, "விடுக்கா, அவங்க சொல்றதும் சரிதானே, நான் எழுதலையே" என்றான். அவன் மேலேயே கோபம் வந்தது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சட்டம் தெரியாது, வழி கேட்டுப் போகத் தெரியும். அவனை மேல்முறையீடு போட வைத்தேன். பதிவேட்டின் நகலை அலைந்து வாங்கி, அந்தப் பதினான்கு பேரையும் போனில் தேடினேன். மூன்று பேர் இப்போது இல்லை. சிலர் அந்த நாளைப் பற்றிப் பேசவே மாட்டோம் என்றார்கள். காலை இழந்த முகாம் சமையல்காரர் மட்டும் எந்தத் தேதிக்கு வரணும் என்று கேட்டார்.

மேல்முறையீட்டு அறையில் விசாரணைக் குழுத் தலைவரும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். மருத்துவர் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதே பல்லவியைப் பாடினார். சமையல்காரர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

"என் காலைக் கட்டும்போது இவர் காதுலேர்ந்து ரத்தம் என் சட்டையில சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நிமிர முடியாம முட்டி போட்டுத்தான் அடுத்த ஆள்கிட்ட நகர்ந்தார். முதல்ல உங்களைப் பாருங்கன்னு கத்தினேன். அவருக்குக் கேக்கல."

அப்படியானால் மனுதாரர் ஏன் எழுதவில்லை என்றார் மருத்துவர். நான் எழுந்துவிட்டேன்.

"தன் பேரை முதல்ல எழுதுற ஆளா இருந்திருந்தா இதுல பாதிப் பேர் அன்னிக்கே போயிருப்பாங்க. அதுக்கா இந்தத் தண்டனை?"

உட்காரச் சொன்னார் தலைவர். நான் உட்காரவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காதையும் முதுகையும் ஏற்றுக்கொண்டார்கள். மனநிலையைத் தள்ளிவிட்டார்கள், பணிக்காலத்தில் அதற்குச் சிகிச்சை பெறவில்லையாம். அப்போது சொல்லியிருந்தால் கோழை, சொல்லாததால் இப்போது பொய்யன். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்.

தம்பி அதை இரண்டு தடவை படித்தான். மறுபடி முறையிட எத்தனை நாள் இருக்கு என்று கேட்டான். அறுபது என்றேன்.

இதுவரை மனநல மருத்துவரிடம் மாத்திரை மட்டும் வாங்கி வந்தவன், மறுநாள் அவர் எதிரில் உட்கார்ந்து அந்த நாளை முழுதாகச் சொன்னான். ஒன்றே முக்கால் மணி நேரம். கதவுக்கு வெளியே நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், அடுத்த விசாரணைக்கு வேண்டியிருக்கும்.