வணக்கம் மட்டும் வந்த குழு

அபோண்டிக்குப் பொழுது விடிவதே அலைபேசியில்தான். ஒபாரே ஏரிக்கரை மீன்காரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவள்தான் அட்மின். எந்தப் படகு வருகிறது, திலேப்பியா மீன் என்ன விலை, ஏரியில் காற்று எப்படி என்று ஆளாளுக்குப் போட்டுத் தள்ளுவார்கள். நடுநடுவே வம்பும் வரும், அது இல்லாமல் மீன்காரிகளா?

அன்று அந்தக் குழுவின் மீன்காரி அவினோ ஒரு வீடியோ போட்டாள். சந்தையின் குளிர்கிடங்குக் கதவில் புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. உள்ளே குளிரூட்டும் இயந்திரத்தைக் காணோம், ஒரு ஆடு படுத்திருக்கிறது. “திறப்பு விழாவுக்கு வந்த பெரியவங்களே, ஆட்டுக்கு ரொம்பக் குளிருதாம்!” என்று அவினோவின் குரல். சந்தையே வயிறு குலுங்கச் சிரித்தது.

சந்தை அதிகாரி ஒச்சோலா மட்டும் சிரிக்கவில்லை. நேரே அபோண்டியின் கடைக்கு வந்தார்.

“அட்மின் நீதானே? கண்டதையும் போட விட்டா கேஸ் உன் மேலதான் வரும். கடை லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும்ல? யோசிச்சுக்கோ.”

அந்தக் கடை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. வீடியோவை அழித்தாள். அவினோவைக் குழுவிலிருந்து தூக்கினாள். ‘இனி யாரும் சந்தையைப் பற்றிக் குறை போடக் கூடாது’ என்று எழுதியும் வைத்தாள்.

அதோடு குழு அடங்கிவிட்டது. காலை வணக்கம், ரோஜாப்பூ, வேத வசனம், அவ்வளவுதான். பாவம், அபோண்டிக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை வலை கிழியக் கிழிய மீன். அபோண்டி கூடை கூடையாக வாங்கிவைத்து, சந்தை அலுவலகத்தின் ஐஸ் வண்டிக்குக் காத்திருந்தாள். வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. மதியத்துக்குள் செவுள் வெளுத்து நாற்றமெடுத்துவிட்டது. பக்கத்துக் கடை அஜ்வாங்கோ அன்று மீனே வாங்கவில்லை.

“சந்தை ஆபீஸ் ஐஸ் மெஷின் நின்னு போச்சுன்னு காலையிலேயே தெரியுமே அக்கா.”

“தெரிஞ்சுமா வாயத் திறக்கல? குழுவுல ஒரு வரி போட்டிருக்கலாமே, பாவி!”

“அதுவும் சந்தையப் பத்தின குறைதானே? என்னையும் தூக்கிட்டீங்கன்னா? அதான் ரோஜாப்பூ போட்டேன்.”

அபோண்டிக்குச் சுருக்கென்றது. அழுகிய மீனை நாரைகளுக்குக் கொட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவினோவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். குழுவில் திரும்பச் சேர்த்து, அந்த வீடியோவையும் மறுபடி போடச் சொன்னாள்.

ஒச்சோலா வேகமாக வந்தார். “என்ன, கடை வேணாமா?”

“மூடுறதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க சார், அதையும் குழுவுல போட்டுடறேன்.” மீன்காரிகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். “வீடியோ பொய்யா? பொய்னு காட்டுங்க, நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“அது... ஆடு எப்படியோ உள்ள போயிருக்கு.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“இந்தப் பதிலையே அங்க போடுங்க சார். உங்க நம்பரையும் குழுவுல சேத்துட்டேன்.”

அதிகாரியின் சட்டைப்பையில் அலைபேசி விடாமல் கிணுகிணுத்தது. அபோண்டி குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“ஒருத்தி வாயத்தான் அடைச்சேன், சந்தையே ஊமையாயிடுச்சு. கடைசியில நாறினது என் மீன். பொய் போட்டா பதில் சொல்லுங்க, நெசத்தப் போட்டா மெஷினச் சரி பண்ணுங்க. பேசுறவங்களத் தூக்குற வேலைய மட்டும் இனி எங்கிட்ட கொண்டு வராதீங்க சார்.”