ஒரு மணிக்கு வந்த த்ரீ பேஸ்

அஸ்லமுக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதம் அவன் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையை, பெரியகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்த புது மாணவி சொர்ணலதா மூன்றே நாளில் முடித்துவிட்டாள். எரியாமல் என்ன செய்யும்?

வேலை இதுதான். 2010 ஜனவரி பதினைந்து, வெள்ளிக்கிழமை மதியம் சூரிய கிரகணம். இருட்டினால் மட்டும் எட்டுகிற தூரத்து வானொலி நிலையங்கள் அந்த நேரத்தில் பகலிலேயே எட்டுமா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பேராசிரியை அக்கம்மாள், கம்பத்துக்குப் பக்கத்தில் தன் மாணவன் அஸ்லம் வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில் ஏரியல் கட்டியிருந்தார். அதில் மாட்டிய பெட்டி, வருகிற அலைகளையெல்லாம் எண்களாக்கி வினாடிக்கு முப்பத்திரண்டு மெகாபைட் கொட்டியது. ஹார்ட் டிஸ்கோ இருபத்தைந்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்றது. சுருக்கித்தான் எழுத வேண்டும்.

ஃபைல்களை ஜிப் பண்ணுகிற மாதிரி சுருக்கிப் பார்த்தான் அஸ்லம். லேப்டாப் திணறி நடுநடுவே கோட்டை விட்டது. சொர்ணலதா வந்தாள், ஒரு வாரம் மதிய நேரத்தில் பதிந்திருந்த எண்களைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு எண்ணுக்கும் பதினாறு பிட் இடம் குடுக்குறோம் மேடம். சிக்னல் சின்னது, கீழ எட்டுதான் நெறையுது. மேல எட்டு சும்மா கெடக்கு. அதை எழுதவே வேண்டாம்."

அளவு சரிபாதி! டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டது.

"இது ஏன் அஸ்லம் உனக்குத் தோணல?" என்று பேராசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவனுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டது.

ஆனால் அவனுக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது. அந்த வாரம் தோட்டங்களுக்கான த்ரீ பேஸ் கரண்டு காலையில் வந்தது. அதனால்தான் மதியம் அமைதி. வெள்ளிக்கிழமையிலிருந்து அது மதியம் ஒரு மணிக்கு மாறுகிறது. வந்த நிமிடம் பள்ளத்தாக்கு முழுக்க ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் தானாக ஓடும். அந்த இரைச்சல் வானொலியில் ஏறினால் எட்டு பிட் போதாது, எண்களெல்லாம் குப்பை.

கிரகணத்தன்று காலையில் அவளே வந்து கேட்டாள். "அண்ணே, உங்க தோட்டம், உங்களுக்குத் தெரியாததா? நான் எதையும் விட்டுட்டேனான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதையும் சரிசெய்து இன்னொரு சபாஷ் வாங்குவாளே! "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றான்.

வெயில் மங்கியது. பன்னிரண்டரைக்கே திரையில் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. தூரத்து நிலையங்கள்! பேராசிரியை சின்னப் பிள்ளையாகக் கைதட்டினார். மணி ஒன்று. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் உறுமியது, அடுத்ததில் ஒன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. திரை முழுக்க வெள்ளை. அஸ்லமுக்கு ஒரு கணம் சப்புக்கொட்டினாற்போல் இனித்தது. சொர்ணலதாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த இனிப்பு கசந்தது. ஒன்றேகாலுக்குக் கிரகணம் உச்சம் தொட்டபோது பதிந்ததெல்லாம் குப்பையோடு குப்பையாகப் போனது.

"அஸ்லமண்ணே சரின்னுதான் சொன்னாக மேடம். அவக மேல தப்பில்ல. நாந்தான் ஒரு பிட்டாவது கூட விட்டிருக்கணும்," என்றாள் சொர்ணலதா.

ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தார் அஸ்லமைப் பெற்ற அத்தா உசேன். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கரண்டு மாறுதுன்னு திங்கக்கெழமையே இவன்ட்ட சொன்னேனேம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லாத் தோட்டத்துலயும் சொல்லி மோட்டாரை நிப்பாட்டிருக்க மாட்டேனா? ஏலே, இவுககிட்ட நீ சொல்லலையா?"

அஸ்லம் குனிந்து ஏரியல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

சொர்ணலதா திட்டவில்லை. லேப்டாப்பை மூடினாள். "சொல்லியிருந்தா, இந்த வேலை உங்களாலதான் பொழச்சதுன்னு நானே மேடத்துட்ட சொல்லியிருப்பேனேண்ணே," என்றாள்.