இதுவும் சாவுதான்

காயத்ரி கொல்லையில் களைக்கொத்தால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் சிதம்பரம் போக வந்த வேன் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று அவள் இன்னும் ஆழமாகத் தோண்டினாள்.

பக்கத்தில் செருப்பு டப்பாவுக்குள் பொம்மி, எட்டுக் காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிக் கிடந்தது. உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்தி. சிதம்பரத்தில் படித்தபோது தோழி ஜான்சி குஞ்சாகக் கொடுத்தது. நேற்றுகூடக் கரப்பானைப் பிடித்துத் தின்றது. காலையில் அசைவில்லை. ஜான்சிக்குப் போன் போட்டால், "சில நேரம் அப்டித்தான்டி, ஏன்னே தெரியாது" என்கிறாள். அந்த 'ஏன்னே தெரியாது'தான் காயத்ரிக்குப் பொறுக்கவில்லை.

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அம்மா சௌந்தரம் வந்து நின்றாள்.

"விடிஞ்சா உங்கண்ணன் புது வீட்டுக்குக் குடி போறான். வெளக்கு எடுத்துகிட்டு மொதல்ல உள்ள போவ வேண்டியவ நீ. ஒரு பூச்சிக்காவ இங்க மண்ண நோண்டிகிட்டு இருக்க!"

"நான் வெளக்கு எடுக்கல."

"என்னாடி?"

"வீட்ல சாவு விழுந்திருக்கு. தீட்டோட நல்ல காரியத்துக்குப் போவக்கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"அது மனுஷங்களுக்குடி!"

"எனக்கு இதுவும் சாவுதான். யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

காயத்ரி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எதுனா மருந்து அடிச்சியாம்மா?"

"அதக் கண்டாலே எனக்கு ஆவாதுதான். அதுக்காவ கொல்லுவனா? சத்தியமா நான் கிட்டவே போவல."

பொய்யில்லை என்று தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். காயத்ரி டப்பாவைக் குழியில் இறக்கி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள். மேடு தட்டி முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கோபித்துக்கொண்டு வேனில் ஏறியிருப்பாள் என்று நினைத்தபடி காயத்ரி கை கழுவ வந்தாள். கூடத்து நாற்காலியில் பட்டுப்புடவை கிடந்தது. அதன்மேல் மல்லிகைச் சரம். குளியலறையில் குவளை குவளையாகத் தண்ணீர் விழும் சத்தம்.

பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். ஹாரன் மறுபடியும் அடித்தது.

"செத்த இருப்பா," என்று வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். "பொண்ணு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல."

அவள் முடியிலிருந்து நீர் சொட்டித் தரை நனைந்துகொண்டிருந்தது.